ஆங்கில உச்சரிப்பும் அசை பிரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் பேசிப் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள் என்பதால் இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ஒலி தோராயமாகத்தான் தெரியும், ஏன் என்பதற்கு உள்ளே ஒரு பதிலே இருக்கிறது. அதனால் சந்தேகம் வரும் சொல்லை ஒலியோடு வரும் அகராதியில் ஒருமுறை கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

சிலபிள் சிலபிள்னு சொல்றாங்களே, எளிமையா அது என்ன?

ஓர் உயிரொலியும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் மெய்யொலிகளும் சேர்ந்த ஒரு துண்டு. தமிழில் அசை என்று சொல்லலாம். 'அம்மா' என்பதில் அம்-மா என்று இரண்டு, 'வணக்கம்' என்பதில் வ-ணக்-கம் என்று மூன்று. தமிழில் எண்ணுவது மிகச் சுலபம், புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மீதியை எண்ணினால் முடிந்தது.

ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது, அங்கே எழுத்தைப் பார்த்து எண்ண முடியாது, காதால்தான் எண்ண வேண்டும். நான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லப்போவது இதைச் சுற்றித்தான்: புதிதாக எந்த ஆங்கிலச் சொல்லைக் கற்றாலும் முதலில் எத்தனை அசை, அதில் எது வலுவான அசை என்ற இரண்டையும் கேளுங்கள். ஒவ்வோர் எழுத்தின் ஒலியும் அப்புறம் வரட்டும்.

யாப்பிலக்கணத்துல நேரசை, நிரையசைன்னு படிச்சோமே, அதேதானா?

இல்லை. நிரையசை என்பது பல நேரம் இரண்டு சிலபிள் சேர்ந்தது. 'புளிமா' யாப்பில் நிரை நேர், அதாவது இரண்டு அசை, ஆனால் வாயில் அது பு-ளி-மா என்று மூன்று துண்டு. இந்தப் பக்கத்தில் அசை என்றால் வாயில் வரும் துண்டு மட்டும்தான்.

சரி, ஏ, ஈ, ஐ, ஓ, யூ இந்த அஞ்சு எழுத்தையும் எண்ணினா போதாதா?

போதாது. வரிசையில் நிற்பது என்ற பொருளுள்ள 'க்யூ' என்ற சொல்லில் ஐந்து எழுத்து, அதில் நான்கு உயிரெழுத்து, ஆனால் அசை ஒன்றே ஒன்று. 'ஏரியா'வில் நான்கே எழுத்துதான், அசை மூன்று. 'மேக்' என்ற சொல்லில் கடைசியில் நிற்கும் ஈ ஒலிப்பதே இல்லை, முன்னால் உள்ள உயிரொலி எப்படி வர வேண்டும் என்று காட்டிவிட்டுச் சும்மா நிற்கிறது. அதற்கு நேர்மாறாக 'ரிதம்' என்ற சொல்லில் இந்த ஐந்தில் ஓர் எழுத்துகூட இல்லை, ஆனாலும் இரண்டு அசை.

உயிரொலிகளைத்தான் எண்ண வேண்டும். எழுத்து 26 இருந்தாலும் அகராதிகள் காட்டும் தென் இங்கிலாந்து உச்சரிப்பில் ஒலிகள் ஏறத்தாழ 44, அதில் உயிரொலிகள் மட்டுமே 20 என்பது வழக்கமான கணக்கு. அந்த ஐந்து எழுத்தும் இருபது ஒலிகளையும் சுமக்க முடியாமல்தான் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிக்கிறது.

தாடைக்குக் கீழே கையை வச்சு, எத்தனை தடவை தாடை இறங்குதுன்னு எண்ணச் சொன்னாங்க. அது சரிதானா?

தொடக்கத்துக்கு நல்ல வழிதான். ஆனால் அது எண்ணுவது நீங்கள் சொல்லும் சொல்லை, சொல்ல வேண்டிய சொல்லை அல்ல. 'பிஸினஸ்' என்று மூன்று துண்டாகச் சொல்லிப் பழகியவருக்குத் தாடை மூன்று முறைதான் இறங்கும். அது உண்மையில் பிஸ்-னஸ் என்று இரண்டு. 'கம்ஃபர்ட்டபிள்' என்று நான்காகச் சொல்கிறோம், கம்ஃப்-ட-பிள் என்று மூன்றாகத்தான் பெரும்பாலும் கேட்பீர்கள். புதன்கிழமைக்கு வென்ஸ்-டே, இரண்டே. அதனால் முதலில் அகராதியின் குரலைக் கேளுங்கள், அது சொன்னதைப் போலவே சொல்லுங்கள், பிறகு கையை வையுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'பாட்டில்', 'பட்டன்' போன்ற சொற்களின் இரண்டாவது அசையில் பல நேரம் உயிரே இருக்காது, ட் சொன்ன இடத்திலிருந்து நாக்கை எடுக்காமலே ல் அல்லது ன் ஒலித்துவிடும். தாடை அங்கே அசைவதே தெரியாது, ஆனால் காதில் அது ஓர் அசைதான். இந்த மாதிரிச் சொற்கள் சிலதான் என்பதால் கேட்டுக் கேட்டே பழகிவிடும்.

எழுதுறது ஒண்ணு, படிக்கிறது ஒண்ணு. ஏன் இப்படி வச்சிருக்காங்க?

யாரும் உட்கார்ந்து அப்படி வைக்கவில்லை. இங்கிலாந்தில் வில்லியம் காக்ஸ்டன் அச்சகம் தொடங்கியது 1476இல். அச்சு வந்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோனது, ஆனால் சுமார் 1400 முதல் 1700 வரை நெடில் உயிர்களின் ஒலி ஒட்டுமொத்தமாக இடம் மாறிக்கொண்டிருந்தது. எழுத்து பழைய ஒலியிலேயே நின்றுவிட்டது, வாய் முன்னே போய்விட்டது. வீரன் என்ற பொருளுள்ள 'நைட்' என்ற சொல்லின் தொடக்கத்தில் உள்ள கே ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது, நடுவில் உள்ள ஜி, எச் இரண்டும் சேர்ந்து ஒலித்தன.

சில எழுத்துகள் ஒலிக்காமலே நுழைந்தவை. கடன் என்ற பொருளுள்ள 'டெட்' என்ற சொல்லில் இருக்கும் பி, லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பின்னால் சேர்த்தது. அது ஏன் ஒலிக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

தமிழ்ல எழுதி வச்சுப் படிச்சா என்ன தப்பு? எனக்கு அதுதான் சுலபமா இருக்கு.

ஒரு சின்னச் சோதனை செய்வோம். கணுக்காலுக்கு ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதுங்கள்: ஆங்கிள். கோணத்துக்கு எழுதுங்கள்: ஆங்கிள். நடு என்ற பொருளில் சென்டர், அனுப்புகிறவர் என்ற பொருளிலும் சென்டர். எளிமையானது சிம்பிள், சின்னத்துக்கும் கிட்டத்தட்ட அதேதான். ஆங்கிலத்தில் இந்த மூன்று இணைகளும் தெளிவாக வேறுவேறு. நோட்டில் ஒன்றாக எழுதிவைத்த பிறகு வாயில் வேறாக வராது.

காரணம் நம் எழுத்தில் இருக்கிறது. 'படம்' என்பதில் வரும் ப வேறு, 'கம்பம்' என்பதில் வரும் ப வேறு. இரண்டாவதில் ப வரும் இடத்திலும் தொண்டையின் அதிர்வு நிற்பதில்லை, விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். தமிழில் எங்கே எது வரும் என்பதைப் பக்கத்து எழுத்துகளே முடிவு செய்துவிடுவதால் நமக்குத் தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை: சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் அதிராது, மெல்லினத்துக்குப் பிறகு அதிரும். அந்தப் பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் கணுக்கால் கோணமாகிவிடும். 'சென்டர்' என்று நடுவைச் சொல்லும்போது 'பட்டு' என்பதில் வரும் ட்டவை நினைத்துக்கொண்டு அதிர்வை வெட்டிச் சொல்லிப் பாருங்கள், 'வண்டி'யில் வரும் ட அங்கே கூடாது. இந்த ஒரு திருத்தம் நூற்றுக்கணக்கான சொற்களைச் சரி செய்யும்.

அப்போ அகராதியில இருக்கிற அந்த விசித்திரமான குறிகளைப் படிச்சே ஆகணுமா?

படித்தால் வாழ்நாள் முழுக்க உதவும், ஒன்றும் பெரிய வேலையில்லை. 1886இல் பாரிசில் தொடங்கிய ஒரு சங்கம் உருவாக்கிய பன்னாட்டு ஒலிக்குறிகள் அவை, ஒரு குறிக்கு ஓர் ஒலி என்பதுதான் விதி. மெய்க்குறிகளில் பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கில எழுத்துகளே.

முழுவதும் வேண்டாம் என்றால் இரண்டை மட்டுமாவது இன்றே கற்றுக்கொள்ளுங்கள். மேலே ஒரு சின்னக் கோடு நின்றால் அதற்கு அடுத்து வரும் அசை வலுவானது, கோட்டுக்கு முந்தியது அல்ல. தலைகீழாகத் திருப்பிய ஈ எழுத்து ஒன்று இருக்கும், அதன் பெயர் ஷ்வா. அதற்குக் கீழே தனிப் பதில் இருக்கிறது.

'புக்கு', 'பஸ்ஸு', 'கார்டு'ன்னு கடைசியில ஒரு உ தானா வந்துடுது. எப்படி நிறுத்துறது?

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. 'பாட்டு', 'காடு', 'பாக்கு' எல்லாவற்றிலும் கடைசியில் அரை மாத்திரைக் குற்றியலுகரம் இருக்கிறது. அதே உகரத்தை ஆங்கிலச் சொல்லுக்கும் நாம் கொடுத்துவிடுகிறோம். விளைவு, ஓரசைச் சொல் ஈரசை ஆகிறது, கேட்பவர் வேறு சொல்லைத் தேடுகிறார்.

நிறுத்த ஒரு வழி: சொல்லின் கடைசி ஒலியில் வாயை மூடி அப்படியே நிறுத்துங்கள். 'கப்' என்று சொல்லி உதடு ஒட்டியபடியே ஒரு நொடி இருங்கள். 'புக்' என்று சொல்லி நாக்கின் பின்பகுதி ஒட்டியபடியே இருங்கள். மூச்சு வெளியே போனால்தான் உகரம் பிறக்கும். கொஞ்ச நாளில் அந்த நிறுத்தம் பழகிவிடும்.

அப்படி நிறுத்தினால் முதுகு என்ற பொருளுள்ள 'பேக்', பை என்ற பொருளுள்ள 'பேக்' இரண்டும் ஒன்றாகிவிடாதா என்று கேட்பார்கள், நல்ல கேள்வி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் கடைசி மெய்யில் காட்டுவதில்லை, அதற்கு முன்னால் உள்ள உயிரில் காட்டுகிறார்கள். அதிரும் மெய்க்கு முன்னால் உயிர் நீளும், அதிராத மெய்க்கு முன்னால் குறுகும். பையைச் சொல்லும்போது உயிரைச் சற்று இழுங்கள், முதுகைச் சொல்லும்போது சட்டென்று வெட்டுங்கள். மணிமாலையில் கோக்கும் மணிக்கும் அடிப்பதற்கும் உள்ள இரண்டு 'பீட்'களும் இதே கதைதான்.

மெய்யெழுத்து கும்பலா வந்தா நாக்கு சுளுக்கிக்குது. 'ஸ்ட்ரெங்த்ஸ்' எப்படிச் சொல்றது?

ஒன்பது எழுத்து, ஒரே அசை. ஆங்கிலத்தில் ஓர் அசையின் தொடக்கத்தில் மூன்று மெய் வரை வரலாம், அப்படி மூன்று வந்தால் முதலில் எஸ் ஒலிதான் இருக்கும். முடிவில் நான்கு வரை வரலாம், 'டெக்ஸ்ட்ஸ்' அப்படிப்பட்டது. நமக்கு இது பழக்கமில்லாததால் இடையில் ஓர் இகரமோ உகரமோ செருகிவிடுகிறோம். 'ஃபில்ம்' என்ற ஓரசைச் சொல் 'ஃபிலிம்' என்று இரண்டானது அப்படித்தான்.

பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் 'ரெங்', அது சரியானதும் 'ட்ரெங்', பிறகு சீறலோடு 'ஸ்ட்ரெங்', கடைசியில் முடிவைச் சேருங்கள். 'இஸ்கூல்' என்று முன்னால் இகரம் போடுகிறவர்கள் ஸ்ஸ்ஸ் என்று நீளமாகச் சீறிவிட்டு நிறுத்தாமல் 'கூல்' சொன்னால் போதும். வரவே வரவில்லை என்றால் ஒரு மெய்யை விழுங்குவதைவிட நடுவில் மெல்லிய உயிர் ஒன்று நுழைவது பரவாயில்லை, கேட்பவருக்கு அப்போதும் சொல் பிடிபடும்.

இறந்த காலத்துக்கு ஈ, டி சேர்த்தா 'வாக்கெட்'டா, 'வாக்ட்'டா?

'வாக்ட்', ஒரே அசை. விதி மிகவும் ஒழுங்கானது, ஆங்கிலத்தில் இவ்வளவு ஒழுங்கான விதி கிடைப்பதே அபூர்வம். வினைச்சொல் ட் அல்லது அதன் அதிரும் இணையில் முடிந்தால் மட்டும் ஓர் அசை கூடும்: வான்-டட், நீ-டட். மற்ற எதிலும் அசை கூடாது. அதிராத ஒலியில் முடிந்தால் 'பட்டு'வின் ட், 'வாக்ட்' மாதிரி. அதிரும் ஒலியிலோ உயிரிலோ முடிந்தால் 'வண்டி'யின் ட், 'ப்ளேட்' மாதிரி.

பன்மைக்கு வரும் எஸ்ஸும் இப்படியே. பூனைகளில் ஸ் ஒலி, நாய்களில் தேனீ ரீங்கரிப்பது போல அதிரும் ஸ் ஒலி, 'பஸ்', 'பாக்ஸ்', 'பிரஷ்', 'மேட்ச்' போலச் சீறலில் முடியும் சொற்களுக்கு மட்டும் கூடுதலாக ஓர் அசை. 'வாக்கெட்', 'ஸ்டாப்பெட்' என்று பேசுகிறவர்கள் ஏராளம், இந்த ஒன்றை மாற்றினாலே பேச்சு வேறாகிவிடும்.

எந்த அசையை அழுத்தணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல்லின் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் மாறும். பதிவு என்று பெயர்ச்சொல்லாக வரும்போது 'ரெக்கார்ட்' முதல் அசையில் வலுக்கும், பதிவு செய் என்று வினையாக வரும்போது 'ரிகார்ட்' என்று இரண்டாவதில் வலுக்கும். 'பிரசன்ட்', 'ஆப்ஜெக்ட்', 'பெர்மிட்' இவையும் அப்படியே. ஈரசைப் பெயர்களில் பெரும்பாலானவை முதல் அசையில், ஈரசை வினைகளில் பெரும்பாலானவை இரண்டாவதில். ஆனால் 'ரிப்போர்ட்' பெயரானாலும் வினையானாலும் இரண்டாவதில்தான், ஆகவே அகராதியைப் பார்த்துவிடுங்கள்.

நீளமான சொற்களில் விகுதி கைகொடுக்கும். 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்திய அசை: எஜு-கே-ஷனில் 'கே'. 'இக்' என்று முடிந்தாலும் பெரும்பாலும் முந்தியது: எ-லெக்-ட்ரிக்கில் 'லெக்'. அதோடு 'இட்டி' சேர்ந்தால் அழுத்தம் நகர்ந்துவிடும்: எலெக்-ட்ரி-சிட்டியில் 'ட்ரி'. 'இஞ்சினியர்' போல 'ஈர்' விகுதி வந்தால் அழுத்தம் அந்த விகுதியின் மேலேயே. 'ஹோட்டல்', 'டெவலப்' இரண்டையும் முதல் அசையில் அழுத்துவது நம்மிடம் பரவலான பழக்கம், இரண்டிலும் அது இரண்டாவது அசைக்கு உரியது.

அழுத்துவது என்றால் கத்துவது இல்லை. அந்த அசை சற்று நீளமாக, சற்று உயர்ந்த குரலில், உயிர் தெளிவாக வர வேண்டும். பாதி வேலை அதுதான். மீதிப் பாதி, மற்ற அசைகளைச் சுருக்குவது.

ஷ்வா ஷ்வான்னு சொன்னீங்களே, அது என்ன அவ்வளவு முக்கியம்?

ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான். உதட்டைக் குவிக்காமல், விரிக்காமல், நாக்கை நடுவில் தளர்வாக விட்டுவிட்டு மிகக் குறுகலாக ஒரு 'அ' மாதிரி முனகினால் அதுவே ஷ்வா. அழுத்தம் இல்லாத அசைகளில் ஏ, ஈ, ஓ என்று எந்த எழுத்து இருந்தாலும் ஒலி அடிக்கடி இதற்குள் கரைந்துவிடும்.

'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் ஓவில் அழுத்தம், இரண்டாவது ஓ ஷ்வாவாகக் கரைகிறது: ஃபோ-ட-கிராஃப். படம் எடுப்பவரைச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாவது அசைக்கு நகர்கிறது, முதல் ஓ கரைகிறது: ஃப-டாக்-ர-ஃபர். இதில் நான்கு அசை, அழுத்தமுள்ள 'டாக்' ஒன்றைத் தவிர மற்ற மூன்றிலும் ஷ்வாதான். நாம் ஃபோ-ட்டோ-கிரா-ஃபர் என்று நான்குக்கும் சம மரியாதை கொடுத்துச் சொல்கிறோம். குறில் நெடிலைத் துல்லியமாகச் சொல்வது தமிழில் அழகு, ஆங்கிலத்தில் எல்லா உயிரையும் அப்படித் துல்லியமாகச் சொன்னால் எது முக்கியமான அசை என்று கேட்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

அகராதியில சொல்லுக்கு நடுவுல புள்ளி வச்சிருக்கே, அதுதானே அசை பிரிப்பு?

எப்போதும் இல்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பல அகராதிகளில் தலைச்சொல்லுக்குள் இருக்கும் புள்ளி, வரி முடியும் இடத்தில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டுவது. மெரியம் வெப்ஸ்டர் அகராதியில் கைவிடு என்ற பொருளுள்ள 'அபாண்டன்' என்ற சொல்லில் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கும், ஏனென்றால் முதல் எழுத்தைத் தனியாக ஒரு வரியின் கடைசியில் விடக்கூடாது. அசையோ மூன்று. ஒலிக்குறிகளுக்கு நடுவே வரும் பிரிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

வரி உடைப்பிலேயே இரண்டு மரபுகள் உண்டு. அறிவு என்ற பொருளுள்ள 'நாலெட்ஜ்' என்ற சொல்லை அமெரிக்க அச்சில் ஒலியை ஒட்டி எல் எழுத்துக்குப் பிறகு உடைப்பார்கள், பழைய பிரிட்டிஷ் மரபில் சொல்லின் பகுதியை ஒட்டி எல்லுக்கு முன்னால் உடைப்பார்கள். எழுத்து வேலைக்கு அது தேவை, பேச்சுக்குத் தேவையில்லை.

'லெமன்' லெ-மன்னா, லெம்-அன்னா? ரெண்டு அகராதியில ரெண்டு விதமா இருக்கே.

அசை இரண்டு என்பதிலும் முதலாவது வலுவானது என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை, நடுவில் நிற்கும் ம் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் மொழியியலாளர்களிடையே கருத்து வேறுபாடு. ஒரு கட்சி, முடிந்த அளவு மெய்களை அடுத்த அசைக்குக் கொடு என்கிறது. எந்த அளவு என்றால், ஆங்கிலச் சொல் ஒன்று அப்படித் தொடங்க முடியும் என்கிற அளவு. 'கன்ட்ரோல்' என்பதில் ட்ர் என்று சொல் தொடங்கலாம், ன்ட்ர் என்று தொடங்க முடியாது, ஆகவே கன்-ட்ரோல். அந்தக் கணக்கில் லெ-மன்.

மறு கட்சி, அழுத்தமான குறில் 'எ'யில் எந்த ஆங்கிலச் சொல்லும் முடிவதில்லையே, அசை மட்டும் எப்படி முடியும் என்று கேட்கிறது. ஜான் வெல்ஸ் 1990இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில் மெய்யை வலுவான அசையோடு சேர்த்தார், அதில் லெம்-அன். அந்த மெய் இரண்டுக்கும் பொது என்று சொல்பவர்களும் உண்டு. உங்கள் வாயில் மூன்றும் ஒரே மாதிரிதான் வரும், தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்றால் உங்கள் பாடநூல் எந்த வழியோ அதையே பின்பற்றுங்கள்.

அப்போ எங்க பிரிக்கிறோம்கிறது பேசும்போது முக்கியமே இல்லையா?

சில இடங்களில் மிகவும் முக்கியம், குறிப்பாக ப, ட, க ஒலிகளில். அதிராத ப, ட, க மூன்றும் வலுவான அசையின் தொடக்கத்தில் வந்தால் ஆங்கிலத்தில் கூடவே ஒரு மூச்சு வெடிக்கும். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு குண்டூசி என்ற பொருளில் 'பின்' என்று ஆங்கிலேயர் சொன்னால் காகிதம் ஆடும். நாம் சொன்னால் பெரும்பாலும் ஆடாது, அதனால்தான் குப்பைத்தொட்டி என்று அவர்கள் காதில் விழுகிறது. எஸ்ஸுக்குப் பிறகு வந்தால் மட்டும் அந்த மூச்சு கிடையாது: 'ஸ்பின்' என்பதை நாம் சொல்வது போலவேதான் அவர்களும் சொல்கிறார்கள்.

'கிரேட் ஏப்' என்றால் பெருங்குரங்கு, 'கிரே டேப்' என்றால் சாம்பல் நிற நாடா. ஒலிகள் அதே வரிசையில்தான் இருக்கின்றன. நாடாவில் ட அசையின் தொடக்கத்தில் இருப்பதால் மூச்சு வெடிக்கிறது, குரங்கில் அது அசையின் கடைசியில் அடங்கிவிடுகிறது. கேட்பவர் பிரிப்பை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்.

த, ட, வ மூணும் நம்மகிட்ட இருக்கே, அதையே போட்டா போதாதா?

ட: நம்முடையதற்கு நாக்கு பின்னால் மடிகிறது. ஆங்கிலத்துக்கு 'லா' சொல்லும்போது நாக்கு நுனி எங்கே தொடுகிறதோ, மேற்பல்லுக்குப் பின்னால் உள்ள மேடு, அங்கே தொட்டுச் சொல்ல வேண்டும். ஈழத் தமிழர் 'டொராண்டோ'வை 'ரொறன்ரோ' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள், அவர்கள் பேச்சில் றகரத்துக்கு அந்த இடத்து ஒலி இருப்பதால் அது இயல்பாக அமைகிறது.

த: 'தின்' போன்ற சொற்களில் நாம் காற்றை முழுதாக அடைத்துவிடுகிறோம். நாக்கு நுனியைப் பல் இடுக்கில் லேசாக வைத்துக் காற்றைக் கசியவிட்டால் சரியாகிவிடும். தமிழ்த் தகரமே போட்டாலும் புரியும் என்பதால் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். வகரம் அப்படியல்ல: மேற்கைச் சொல்லும் 'வெஸ்ட்'டுக்கு உதட்டைக் குவியுங்கள், பல் படக்கூடாது. உள்ளாடையைச் சொல்லும் 'வெஸ்ட்'டுக்கு மேற்பல் கீழுதட்டில் பட்டு உரச வேண்டும். நம் வ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

'எக்ஸாம்' சொன்னா 'யெக்ஸாம்'னு கேக்குதாமே?

ஆமாம். பேச்சுத் தமிழில் எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு ய், ஒகரத்துக்கு முன்னால் ஒரு வ் தானாக ஒட்டிக்கொள்ளும். காது என்ற பொருளுள்ள 'இயர்' ஆண்டாகிவிடுவது இதன் நீட்சிதான். சொல்லத் தொடங்கும் முன் வாயைத் திறந்து ஒரு கணம் நிறுத்திவிட்டு உயிரை மட்டும் விடுங்கள்.

தனித்தனியா சொன்னா எல்லாம் புரியுது, அவங்க வாக்கியமா பேசினா ஒண்ணுமே பிடிபடலையே?

இரண்டு காரணங்கள். ஒன்று, மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். 'அவன் இல்லை' நம் வாயில் 'அவனில்லை' ஆவதைப் போல. இது நமக்குப் புணர்ச்சியில் பழகியதுதான், ஆங்கிலத்திலும் அதை எதிர்பார்த்துக் கேளுங்கள்.

மற்றது மேலே சொன்ன ஷ்வா. 'டு', 'ஆஃப்', 'அண்ட்', 'ஃபார்', 'கேன்' போன்ற சின்னச் சொற்கள் வாக்கியத்துக்குள் பெரும்பாலும் ஷ்வாவாகச் சுருங்கிவிடும். 'கேன்' என்பது 'கன்' ஆகிவிடும். எதிர்மறையில் மட்டும் உயிர் முழுதாக வரும். ஆகவே 'கேன்' என்று நீங்கள் தெளிவாக அழுத்திச் சொன்னால் முடியாது என்று சொன்னதாகக்கூடக் கேட்பவர் எடுத்துக்கொள்ளலாம்.

பிரிட்டிஷ் உச்சரிப்பா, அமெரிக்க உச்சரிப்பா? எதை எடுக்கிறது?

எதில் அதிகம் கேட்கப்போகிறீர்களோ அதை. பெரிய வித்தியாசம் ஆர் எழுத்தில்: 'கார்' என்பதன் கடைசி ஆர் அமெரிக்கப் பேச்சில் ஒலிக்கும், தென் இங்கிலாந்துப் பேச்சில் ஒலிக்காது. நாம் ரகரத்தை ஒலிப்பதால் அந்த விஷயத்தில் அமெரிக்கப் பக்கம் எளிதாக இருக்கலாம். அசை எண்ணிக்கையும் அழுத்தமும் பெரும்பாலான சொற்களில் இரண்டிலும் ஒன்றே.

அவங்களை மாதிரியே பேசியே ஆகணுமா?

வேண்டாம். உங்கள் குரலில் தமிழ் இருப்பது குறையே இல்லை, புரிவதுதான் தேவை. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர், ஆங்கிலம் தாய்மொழியல்லாத இருவர் தங்களுக்குள் பேசும்போது எவை தவறினால் புரியாமல் போகிறது என்று ஆராய்ந்து 2000இல் ஒரு பட்டியல் தந்தார். பெரும்பாலான மெய்கள், உயிரின் நீளம், சொல் தொடக்கத்து மெய்க்கூட்டம், வாக்கியத்தில் முக்கியச் சொல்லை உயர்த்துவது இவை வேண்டும், தகர உரசல் தேவையில்லை என்றார். சொல்லுக்குள் வரும் அழுத்தத்தையும் அவர் கட்டாயமாக்கவில்லை. அந்த ஒன்றில் நான் உடன்படவில்லை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் எதிரில் இருந்தால் அழுத்தம் இடம் மாறியதும் அவர் சொல்லையே தவறவிடுகிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கேக்கும்போதே வித்தியாசம் தெரியலையே, அப்புறம் எப்படிச் சொல்றது?

முதலில் காதைப் பழக்குங்கள், வாயை அப்புறம் பார்க்கலாம். ஒரே ஓர் இணையை எடுங்கள், ஆண் ஒருவர் என்ற பொருளுள்ள 'மேன்', பலர் என்ற பொருளுள்ள 'மென்' என்று வைத்துக்கொள்வோம். அகராதியில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வேறொருவரைப் போடச் சொல்லி எது என்று சொல்லுங்கள். தொடக்கத்தில் குருட்டுச் சீட்டு போலத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள், காது திறக்கும். ஒருமைக்குத் தாடை நன்றாக இறங்கி 'எ'வுக்கும் 'ஆ'வுக்கும் நடுவில் ஒலி வரும், பன்மைக்கு வெறும் 'எ'.

காது பிரித்துவிட்டதா, இப்போது உங்கள் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து அகராதியின் குரலுக்கு அடுத்தாற்போல் வைத்துக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள்: முதல் முறை அசை எண்ணிக்கை, இரண்டாம் முறை அழுத்தம், மூன்றாம் முறைதான் ஒலிகள். மூன்றையும் ஒன்றாகத் திருத்தப் பார்த்தால் எதுவும் நிலைக்காது. இன்று நீங்கள் அதிகம் பயன்படுத்திய ஐந்து ஆங்கிலச் சொற்களோடு தொடங்குங்கள், அவற்றில் உங்கள் வேலையின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும், அதை எப்படியும் யாரிடமாவது சொல்ல வேண்டி வரும்.